ஒன்பதாம் நம்பரின் சட்டை

தைத்திருக்கலாம். நாலு தையல், மிஞ்சிப் போனால் ஆறு. ஊசியில் நூல் கோத்துத்தான் இருந்தது, நூலுக்கு மெழுகும் தேய்த்தாகிவிட்டது, கிழிசல் கைக்கு எட்டும் தூரத்தில் இடுப்பு உயரத்தில் இருந்தது. அப்படியும் தைக்காமல் மேலே ஒரு துண்டை ஒட்டி அனுப்பிவிட்டாயே, நீயெல்லாம் ஒரு டெய்லரா என்று பொன்னுரங்கம் விடிந்ததிலிருந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான். திட்டும்போதும் கை சும்மா இல்லை. கித்தான் கொட்டகைக்குள் இரண்டு மரக்குதிரைகளின் மேல் கிடத்தியிருந்த வேறொரு விமானத்தின் இறக்கைக்கு அவன் துணி போர்த்தித் தைத்துக்கொண்டிருந்தான். மேலே ஊசியை இறக்கு, குனிந்து கீழே இழு, இறக்கையின் விலா எலும்பைச் சுற்றி முடிச்சுப் போடு, மூன்று விரல் தள்ளி அடுத்தது. வெளியே டைகிரிஸ் ஆற்றங்கரை மணல் இப்போதே கண்ணைக் கூசவைத்தது. ஒன்பதாம் நம்பர் விமானம் இரண்டு துரைமாரைச் சுமந்துகொண்டு துருக்கிக்காரன் பக்கம் வேவு பார்க்கப் போய் ஒரு மணி நேரம் இருக்கும். அதன் வயிற்றில் மூன்று மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல். அதன் இடது கீழ் இறக்கையில், ஆள் உட்காரும் குழிக்குப் பக்கத்தில், ஒரு சாண் கிழிசல். அந்தக் கிழிசலின் மேல் பசைபோட்ட ஒரு துண்டுத் துணி, அதற்கு அடியில் ஒரு தையல்கூட இல்லை. இது இந்த உலகத்தில் பொன்னுரங்கம் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒட்டியது தாங்கும், ஏன் தாங்காது, டோப்பு என்றால் லேசுப்பட்டதா? துரைமார் டோப்பு என்று சொல்கிற அந்தப் பூச்சு கனிந்த வாழைப்பழம் போல் மணக்கும், முதல் நாள் அந்த வாசனையில் அவனுக்குப் பசியே எடுத்தது, இரண்டாம் நாள் தலை சுற்றி வாந்தி எடுத்தான். துணியின் மேல் பூசினால் பத்து நிமிஷத்தில் காய்ந்து மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும், தட்டினால் டும் என்று சொல்லும். டும் என்று சொன்னதே, காலையில் ஒட்டிய துண்டைத் தட்டிப் பார்த்தானே, சொன்னதா, சொன்ன மாதிரிதான் இருந்தது, இல்லை, அதற்குள் விமானத்தின் மூக்கில் இருக்கிற விசிறியைச் சுற்றிவிட்டார்கள், அந்தச் சத்தத்தில் டும்மாவது ஒன்றாவது. பல்லாவரத்தில் பட்டாளத்துக்குக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தவனை, வா, கடலுக்கு அப்பால் பட்டாளத்துக்குத் துணி தைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக் கப்பலேற்றினார்கள். பஸ்ராவில் இறக்கிப் பெரிய பெரிய மரப்பெட்டிகளைத் திறந்து காட்டியபோது உள்ளே இருந்தது மனுஷனே இல்லை. கழுத்தில்லை, தோளில்லை, மேலே இரண்டு கீழே இரண்டாக நாலு இறக்கை, இதற்குத்தான் சட்டை தைக்க வேண்டும் என்றார்கள். பொன்னுரங்கம் நாடாவை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். எங்கிருந்து அளவெடுப்பது என்றே தெரியவில்லை. துரைமார் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கே அதன்மேல் ஒரு பிரியம் ஒட்டிக்கொண்டது, இவ்வளவு பெரிய உடம்பு துணி இல்லாமல் குளிருக்கு நிற்கிற குழந்தை மாதிரி நின்றதோ என்னவோ, சரி வா, உனக்கு நான் தைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டான்.

சீமையில் அதைக் கட்டியவர்கள் நினைத்தது ஒரே ஒரு விஷயம்தானாம், ஒன்பதாம் நம்பரில் போயிருக்கிற பெல்லாமி துரை சொல்லியிருக்கிறார். அது ஆடக்கூடாது, அவ்வளவுதான். மேலே போய்விட்டால் ஓட்டுகிற துரை கையை எடுத்துவிட்டாலும் அது தன்பாட்டுக்கு நேராகப் போக வேண்டும், முன் குழியில் உட்கார்ந்திருக்கிறவர் குனிந்து பூமியைப் பார்த்துப் படம் போட வேண்டும், பென்சில் கோணக்கூடாது. வேகம் வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை, சண்டை போட வேண்டுமென்றும் நினைக்கவில்லை, பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆனால் துருக்கிக்காரன் பக்கமும் இப்போது விமானம் வந்துவிட்டது, அது வேகமானது, இது அவசரத்துக்கு விலகக்கூடத் தெரியாமல் நேராகவே போகும். இந்த ஊர் வெயிலுக்கும் அது பழகவில்லை. மரம் காய்ந்து சுருங்கி ஆணி ஆடும், மணலைத் தின்று என்ஜின் இருமும், மத்தியானம் துணி தொய்ந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே அதைத் திருத்தினார்கள். தச்சு மேஸ்திரி சவரிராயன் ஒவ்வொரு சட்டத்துக்கும் கூட ஒரு பட்டை வைத்தார். முன் குழியிலிருந்து பார்த்தால் கீழ் இறக்கை பூமியை மறைக்கிறது என்று பெல்லாமி துரை சொல்ல, இறக்கையின் அடிப்பக்கத்தில் சதுரமாக ஒரு சன்னல் வெட்டிப் பொன்னுரங்கம் அதன் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொடுத்தான். இறக்கைக்குச் சன்னல் வைத்த டெய்லர் மெட்ராஸ் ராஜதானியில் வேறு எவன் இருக்கிறான்? முதல் தடவை போனபோது துரையின் பென்சில் மேலிருந்து விழுந்துவிட்டது, கெட்ட வார்த்தை ஒன்று தமிழில் சொன்னாராம், திரும்பி வந்து அதையும் பொன்னுரங்கத்திடமே சொன்னார். அதற்குப் பிறகு அவர் கோட்டில் பென்சிலுக்குத் தனிப் பை, பையிலிருந்து ஒரு கயிறு.

தமிழ் பேசுகிற துரையை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பிரியம் வைக்காமல் இருப்பது? பெல்லாமி துரை குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு கோலி ஆடியவர், வயது இருபத்திரண்டு, மூக்கு வெயிலில் உரிந்து உரிந்து எப்போதும் சிவப்பு. மற்ற துரைமார் பொன்னுரங்கத்தை இந்துஸ்தானியில் டர்ஸி, தையல்காரன், என்பார்கள். இவர் ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதையும் பொன்ரங்கம் என்று. காலையிலும் அப்படித்தான் கூப்பிட்டார். ஏறும்போது பலகையில் வைக்க வேண்டிய காலைத் துணியில் வைத்துவிட்டார், பூட்ஸ் குதிகால் சன்னலுக்குப் பக்கத்தில் சரக்கென்று உள்ளே போனது. அவர் மெதுவாகக் காலை உருவிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திருடன் போல் சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்து இடுப்பு வாரை மாட்டிக்கொண்டார். அப்புறம்தான், "பொன்ரங்கம், இங்க வா, சத்தம் போடாத. உன் துணியைக் கிழிச்சுட்டேன்."

"ஐயோ தொரே! கண்ணு எங்க வெச்சிருந்தீங்க?"

"மேஜருக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாரு. சட்டுனு தை."

ஊசியை எடுத்தான். நூல் இருந்தது. பின் குழியில் விமானத்தை ஓட்டுகிற ஆஷ்வெல் கேப்டனும் வாரை மாட்டிக்கொண்டு, விசிறியைச் சுற்றுகிறவனுக்குக் கை காட்டக் காத்திருந்தார். இரண்டு பேரும் தோள்வரைக்கும் அதற்குள் இறங்கி, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார்கள், சட்டைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே. அப்போதுதான் பொன்னுரங்கத்துக்கு அது தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. இவர்கள் இதைப் போட்டுக்கொண்டுவிட்டார்களே. உடம்பில் இருக்கிற துணியில் ஊசி போடக் கூடாது, போட்டால் அந்த உடம்புக்கு ஆகாது, பல்லாவரத்தில் தையல் கற்றுக்கொள்கிறவன் ஊசி பிடிப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வது இதுதான். ஒரு பொத்தான் என்றாலும் கழற்றிக்கொடுத்தால்தான் தைப்பார்கள், கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். கை அப்படியே நின்றுவிட்டது. இறங்குங்கள் என்று ஒரு டெய்லர் எப்படி இரண்டு துரைமாரைச் சொல்வது? ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு டோப்பு டப்பாவை எடுத்தான். துண்டைக் கிழித்து, தடவி, ஒட்டி, மேலே இன்னொரு பூச்சுப் பூசினான். "ஆச்சா?" என்றார் பெல்லாமி துரை. "ஆச்சு தொரே" என்றான். அந்த ஆச்சு இருக்கிறதே, அது பொய்.

"டெய்லரே, டீ ஆறுது" என்று சவரிராயன் மேஸ்திரி தகரக் குவளையோடு வந்து நின்றார். திருச்சிக்காரர், ஐம்பதைத் தொட்டவர், மீசையில் எப்போதும் மரத்தூள். "காலையிலேருந்து மொகமே சரியில்ல. வயித்துக்கு ஆகலையா?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

"ஒண்ணும் இல்லாதவரு ஒரே விலாவுல ரெண்டு தடவ தைப்பாரா? பாருமய்யா."

பார்த்தான். தைத்த வரிசையின் மேலேயே மறுபடி ஒரு வரிசை தைத்திருந்தான். காலையில் அங்கே ஒன்றும் தைக்காதவன் இங்கே இரண்டு பங்கு தைக்கிறானே என்று அவனுக்கே கோபம் வந்தது. "மேஸ்திரி, டோப்பு மட்டும் போட்டு ஒட்டினா தாங்குமா? அடில தையல் இல்லாம?"

"எவ்ளோ பெரிய கிழிசல்?"

"ஒரு சாண் இருக்கும். சும்மாதான் கேக்கறேன்."

சவரிராயன் குவளையைக் கீழே வைத்தார். "சும்மா கேக்கறதா இருந்தா சும்மா சொல்றேன். விரக்கடை கிழிசல்னா தாங்கும். சாண்னா காத்து உள்ள பூந்து ஊதும். நாலாம் நம்பருக்கு என்ன ஆச்சு, பாத்தோமில்ல." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எந்த மிஷின்யா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டு வடக்கே பார்த்தார்.

நாலாம் நம்பர். போன மாதம், இதே கொட்டகை வாசலிலிருந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இறக்கையின் துணி வாழைப்பட்டை உரிகிற மாதிரி நீளமாக உரிந்து பின்னால் பறந்தது. துணி போனால் இறக்கை இல்லை, வெறும் குச்சி. குச்சியைக் காற்று தூக்குமா? அந்தத் துணி சீமையில் மிஷினில் தைத்தது, பொன்னுரங்கத்தின் கைபடாதது. அன்றைக்கு அவனுக்கு அழுகையோடு அழுகையாக உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது, என் கைத்தையலாக இருந்தால் போயிருக்காது என்று. நினைக்கலாமா அப்படி? நினைத்தான். அதற்குத்தான் இன்றைக்கு. இல்லை, இன்றைக்கு ஒன்றும் ஆகாது. சும்மா இரு. இப்போது எங்கே இருப்பார்கள், ஆற்றின் வளைவைத் தாண்டியிருப்பார்கள், துருக்கிக்காரனின் பதுங்குகுழிகளுக்கு மேலே. பெல்லாமி துரை வரைந்த படத்தை ஒரு நாள் அவனுக்குக் காட்டினார், கோடு கோடாக, விளிம்புத் தையல் ஓடுகிற மாதிரி அழகாக இருந்தது. இந்தக் கோட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா தொரே என்று கேட்டான். இருக்காங்க என்றார். மறுநாள் நம் பீரங்கிகள் அந்தக் கோட்டின் மேலேயே குண்டு போட்டன. அன்று முழுக்க பெல்லாமி துரை தமிழ் பேசவில்லை. அங்கேயும் ஒரு டெய்லர் இருப்பான், அவனும் யாருக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்திருப்பான். கழற்றச் சொல்லித்தான் தைத்திருப்பானா, அவர்கள் ஊரில் அந்த வழக்கம் உண்டா?

துளசிங்கம் கழற்றவில்லை. அதுதான், அதுதான், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. தம்பி ரயில்வேயில் சேர்ந்து எட்டு நாள், ஏழரை வண்டியைப் பிடிக்க வேண்டும், கோட்டுக்குக் கழுத்துப் பொத்தான் தொங்குகிறது. கழட்டுடா என்றால், "அண்ணே, வண்டி போயிடும், அப்படியே தை, பொழுது போகல உனக்கு" என்று முகவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். பவுடர் வாசனை. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. பொன்னுரங்கம் தைத்தான், மூன்று தையல், பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது தம்பியின் தாடை அவன் நெற்றியில் இடித்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். நாலாம் நாள் காலரா. கிணற்றுத் தண்ணீர் என்றார் டாக்டர், தெருவில் ஒன்பது பேர் போனார்கள், ஒன்பது பேருக்கும் இவனா பொத்தான் தைத்தான்? பொன்னுரங்கம் முட்டாள் இல்லை. ஊசியால் காலரா வராது என்று அவன் மனசுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனசுக்குத் தெரிந்தது கைக்குத் தெரிய வேண்டுமே. அன்றையிலிருந்து உடம்பில் கிடக்கிற துணியைக் கண்டால் கை தானாக நின்றுவிடுகிறது. தைத்ததால் ஒருவன் போனான். இப்போது தைக்காததால் ஒருவன் போவானா? அப்படியானால் என்னதான் செய்வது? இதைக் கேட்க எந்தக் கோயிலுக்குப் போவது, இந்த மணலில் கோயில்கூட இல்லை. பெல்லாமி துரை, நீங்கள் வந்துவிடுங்கள். கிழித்தது நீங்கள்தான் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். வந்துவிடுங்கள், போதும்.

தண்டவாளத் துண்டில் எட்டு அடித்தார்கள். வெயில் கொட்டகைக்குள் வந்து காலைத் தொட்டது. எட்டரை இருக்கும்போது சவரிராயன் கையை உயர்த்தினார். முதலில் சத்தம் இல்லை, கானலில் ஒரு கறுப்புப் புள்ளி இரண்டாகத் தெரிந்தது, மறுபடி ஒன்றானது. அப்புறம் அந்த இருமல், மணல் தின்ற என்ஜினின் இருமல், பொன்னுரங்கத்துக்கு அதைவிட இனிமையான சத்தம் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. குவளையைத் தட்டிவிட்டு ஓடினான். ஒன்பதாம் நம்பர் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கி, இரண்டு தடவை குதித்து, ஓடி நின்றது. ஒட்டிய துண்டைக் காணோம். கிழிசல் ஒரு சாணாக இல்லை, ஒரு முழம் இருந்தது, விலா எலும்புவரைக்கும் ஓடி, அங்கே அவன் தைத்திருந்த பழைய தையலில் முட்டி நின்றிருந்தது. அதன் மேல் ஒரு கை. பெல்லாமி துரை இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இடது கையால் பிடித்தபடி வந்திருந்தார். கையுறை பிய்ந்து விரல் கணுக்களில் ரத்தம் காய்ந்திருந்தது. விரல்களை அவராலேயே பிரிக்க முடியவில்லை, பொன்னுரங்கம்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். பிரித்துக்கொண்டே அழுதான்.

"அழாத. ஒரு மணி நேரம் உன் துணியப் புடிச்சுக்கிட்டு வந்தது நானு, நீ ஏன் அழற?"

மேஜர் வந்துவிட்டார். படத்தை வாங்கிப் பார்த்தார், பாதிக்கு மேல் வெறும் காகிதம். இங்கிலீஷில் என்னவோ கத்தினார், கையால் வடக்கைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார். மறுபடி போக வேண்டும், உடனே. அது புரிவதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. ஆட்கள் பெட்ரோல் டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பெல்லாமி துரை கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, குழிக்குள் சரியாக உட்கார்ந்து, வாரை மறுபடி மாட்டிக்கொண்டார். "தை" என்றார்.

பொன்னுரங்கம் ஊசியை எடுத்தான். தை, பாவி, தை, இப்போதும் நிற்காதே, கண்ணால் பார்த்துவிட்டாயே என்று தன் கையிடம் கெஞ்சினான். ஊசி நுனி துணிக்கு ஒரு நூலிழை தூரத்தில் நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை.

பெல்லாமி துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைலயும் இப்படித்தான் நின்னியா?"

"ஆமா தொரே."

"தைக்கவே இல்லையா?"

"இல்ல. ஒட்டித்தான் விட்டேன். பொய் சொல்லிட்டேன் தொரே."

"ஏன்?"

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, துளசிங்கத்தைச் சொல்வதா, சொன்னால் நேரம் இருக்கிறதா. "நீங்க போட்டுக்கிட்டு இருக்கீங்களே" என்றான். அவ்வளவுதான் வந்தது.

மேஜர், இவன் என்ன உளறுகிறான் என்கிற மாதிரி ஏதோ கேட்டார். பெல்லாமி துரை வலது கையால் இடுப்பு வாரை அவிழ்த்தார். பின்னால் திரும்பி ஆஷ்வெல் கேப்டனிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டு அவரும் வாரை அவிழ்த்தார். இரண்டு பேரும் இறங்கினார்கள், இந்தத் தடவை பலகையில் சரியாகக் கால் வைத்து. பத்தடி தள்ளிப் போய் மணலில் நின்றார்கள். மேஜரின் முகம் செங்கல் நிறமானது.

"குன்னூர்ல எங்க ஆயா நான் சட்டையக் கழட்டாம பொத்தானத் தொடவே மாட்டா" என்றார் பெல்லாமி துரை. "கழட்டிட்டோம், பொன்ரங்கம். இப்ப தை."

கை போனது. ஊசி உள்ளே இறங்கி, அடியில் வந்து, மேலே ஏறியது. நாலு தையல் போட்டான், ஆறு போட்டான், பதினொன்று போட்டான். பெட்ரோல் ஊற்றி முடித்து ஆட்கள் டின்களோடு விலகி நின்றுவிட்டார்கள். மேஜர் கடிகாரத்தைக் கையில் எடுத்தே வைத்துக்கொண்டார். இரண்டு துரைமாரும் தொப்பி இல்லாமல் வெயிலில் நின்றார்கள், ஒருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை, பொன்னுரங்கம் தைத்துக்கொண்டிருந்தான்.